பொது இடத்தில் வேப்: காற்றிலும் அடியார்களின் உரிமை உண்டு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நம் இளைஞர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஹஜ்ரத், சிகரெட் கூடாது என்கிறீர்கள், சரி. ஆனால் வேப் என்பது சிகரெட் இல்லையே. அதில் புகையிலை இல்லை, நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. விற்றால்தான் குற்றம், இழுப்பவனுக்குச் சட்டத்தில் தண்டனை கிடையாது என்கிறார்கள். அப்படியிருக்க, பஸ்ஸிலோ கடையிலோ ஆபீசிலோ ஒரு இழுப்பு இழுத்தால் என்ன பாவம்?"

இந்தக் கேள்வியைத் திட்டி அனுப்பிவிடக் கூடாது. கேட்பவர் சட்டத்தைப் படித்திருக்கிறார், யோசித்தும் இருக்கிறார். அவருக்கு நியாயமான பதில் தர வேண்டும். அந்தப் பதில் வேப்புக்கு மட்டும் பொருந்துவதல்ல. சட்டம் தண்டிக்காத ஒன்று நமக்கு ஆகுமானதாகிவிடுமா என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது.

அது வெறும் நீராவியா?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். பேனா போலவும் பென் டிரைவ் போலவும் இருக்கும் இந்தக் கருவிக்குள் ஒரு பேட்டரி, சூடாகும் ஒரு சிறிய கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம் இருக்கின்றன. திரவத்தில் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைப் பொருள்கள் இருக்கும். பெரும்பாலானவற்றில் நிகோடினும் இருக்கும். சிகரெட்டுக்கு மனிதனை அடிமையாக்குவது அதே நிகோடின்தான். இழுக்கும்போது கம்பி சூடாகித் திரவத்தை மிக நுண்ணிய துளிகளாக்குகிறது. இழுப்பவர் ஊதுவது தண்ணீர் ஆவியல்ல. நிகோடினும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும், சூட்டில் உண்டாகும் ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிப்பொருள்களும், கம்பியிலிருந்து வரும் உலோகத் துகள்களும் அதில் இருக்க முடியும். பக்கத்தில் இருப்பவர் அதைச் சுவாசித்தால் அவர் உடம்பிலும் நிகோடின் சேர்கிறது.

நியாயமாகச் சொல்வதானால், சிகரெட் புகையில் இருக்கும் அளவுக்கு நச்சு இதில் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அரைப்படி கடனும் கடன்தான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. புகைக்காதவர் அடுத்தவரின் புகையால் பாதிக்கப்படுவது அவருடைய உயிர் வாழும் உரிமையைத் தொடும் விஷயம் என்று நீதிமன்றம் பார்த்தது. பிறகு 2003-இல் புகையிலைப் பொருள்கள் சட்டம் வந்தது. அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. மருத்துவமனை, உணவகம், பள்ளிக்கூடம், அலுவலகம், பஸ், தியேட்டர், வேலை செய்யும் இடம் எல்லாமே பொது இடங்கள். அங்கே புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். வாசலில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். அந்த இடத்தின் உரிமையாளர் அல்லது மேலாளரும் பொறுப்பாளி. புகார் வந்தும் அவர் சும்மா இருந்தால் அவரும் அபராதம் கட்ட வேண்டும்.

அந்தச் சட்டம் 'புகைத்தல்' என்றால் புகையிலையைப் புகைத்தல் என்றே எழுதிவைத்தது. அப்போது வேறு எதை எழுதியிருக்க முடியும்? இன்றைய மின்சிகரெட்டைச் சீனாவில் ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் உருவாக்கியதும் அதே 2003-ஆம் ஆண்டில்தான். சட்டமும் கருவியும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஆண்டில் பிறந்தன.

தமிழ்நாடு அரசு 2018-இல் மின்சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். விற்பனைச் சரக்கைச் சேமித்து வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பட்டியலில் 'இழுப்பது' என்ற சொல் இல்லை.

ஆக, நம் இளைஞர் சொல்வது ஒரு வகையில் உண்மை. ஒரு சட்டம் புகையிலையைப் பேசுகிறது, இன்னொன்று வியாபாரத்தைப் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் நின்றுகொண்டுதான் அவர் "என்ன பாவம்?" என்று கேட்கிறார்.

அந்தச் சந்துக்குள் அவர் எப்படி வந்தார் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த நாட்டில் விற்கக் கூடாத பொருள் அவர் கைக்கு எப்படி வந்தது? யாரோ கடத்தி, யாரோ பதுக்கி, யாரோ மறைத்து விற்ற பிறகுதான் வந்தது. நன்மைக்கும் இறையச்சத்துக்கும் துணை நில்லுங்கள், பாவத்துக்கும் வரம்பு மீறலுக்கும் துணை நிற்காதீர்கள் என்ற கருத்தைக் குர்ஆன் 5:2-இல் சொல்கிறது. விற்பவனின் குற்றத்துக்குக் காசு கொடுப்பவர் வாங்குபவர்தான்.

விமானம் ஏறினால் பாவம் மாறிவிடுமா?

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பிழைப்புக்காகப் பல நாடுகளுக்குப் போகிறார்கள். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் வேப்பை வாங்குவதும், வைத்திருப்பதும், இழுப்பதும் குற்றம். 2025 செப்டம்பர் முதல் தண்டனைகள் இன்னும் கடுமையாகிவிட்டன. மீண்டும் மீண்டும் பிடிபடும் வெளிநாட்டுத் தொழிலாளி வேலை அனுமதியையே இழக்க நேரிடும். வீட்டை அடமானம் வைத்துப் போனவருக்கு அது என்னவென்று நமக்குத் தெரியும். அதே பொருளை விற்க ஐக்கிய அரபு அமீரகம் 2019-இல் அனுமதி கொடுத்தது. இங்கிலாந்தில் 2007 ஜூலையில் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தார்கள். அந்தத் தடைக்குள் வேப் வரவில்லை.

ஒரே செயல்தான். ஒரு நாட்டில் வியாபாரம், இன்னொரு நாட்டில் குற்றம், நம் நாட்டில் பாதி மறைவு. நம்முடைய ஒழுக்கம் சட்டத்தின் மேல் மட்டும் நின்றால், விமானம் தரையிறங்கும் ஒவ்வொரு ஊரிலும் அது மாறிக்கொண்டே இருக்கும். முஃமினுக்கு அப்படி இருக்க முடியாது. நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவது நம் கடமை, ஆனால் நம் கடமை அதோடு முடிந்துவிடுவதில்லை. எதைக் கண்டுபிடிக்க முடியும், எதை நிரூபிக்க முடியும், எதற்கு அபராதம் போட முடியும் என்று சட்டம் பார்க்கிறது. ஷரீஅத் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறது: இதில் யாருடைய உரிமை இருக்கிறது?

பூண்டு ஹராமா?

வேப் ஹராமா, மக்ரூஹா என்ற விவாதம் உண்டு. புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்து சேர்ந்த 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே உலமாக்கள் இதில் கருத்து வேறுபட்டார்கள். டமாஸ்கஸின் அப்துல் கனி அந்நாபுலுஸி போன்ற பெரியவர்கள் ஆகுமானது என்றும் எழுதினார்கள். அப்போது அதன் கேடு மருத்துவ ரீதியாகத் தெளிவாகத் தெரியவில்லை. கேடு தெரிந்த பிறகு தீர்ப்புகளும் மாறின. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995-இல் சிகரெட்டையும், 2015 டிசம்பரில் வேப்பையும் ஹராம் என்றது. இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா அமைப்பு 2020 ஜனவரியில் வேப்பை ஹராம் என்றது.

ஆனால் இன்று நாம் பேசும் கேள்விக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. ஏன் என்பதற்குப் பூண்டு ஒன்றே போதும்.

கைபர் வெற்றியின்போது ஸஹாபாக்கள் பசியில் பூண்டை நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். நபி (ஸல்) அவர்களுக்கு வாடை வந்தது. இதைச் சாப்பிட்டவர் நம் பள்ளியை நெருங்க வேண்டாம் என்ற கருத்தில் கூறினார்கள். உடனே மக்கள், பூண்டு ஹராமாக்கப்பட்டுவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். அது காதில் விழுந்ததும் நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்கும் அதிகாரம் எனக்கில்லை, அதன் வாடைதான் எனக்குப் பிடிக்கவில்லை என்று விளக்கினார்கள். முஸ்லிமில் பதிவான செய்தி இது. மனிதர்களுக்குத் தொந்தரவு தருவது வானவர்களுக்கும் தொந்தரவு தருகிறது என்ற விளக்கமும் வேறு அறிவிப்பில் வருகிறது.

கவனியுங்கள்! பூண்டு ஹலால். உடம்புக்கு நல்லது. அதனால் அடுத்தவருக்கு நோய் வராது. வெறும் வாடை மட்டும்தான். அப்படியிருந்தும் மூடிய ஓர் இடத்தில் நெருங்கி நிற்கும் மக்களின் மூச்சுக்கு அது தொந்தரவு என்பதற்காக அங்கே வராதே என்றார்கள். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஒரு ஜும்ஆ மேடையிலேயே இதை நினைவூட்டினார்கள். நபியின் காலத்தில் இந்த வாடையோடு வந்தவரைப் பள்ளியிலிருந்து பகீஃ வரை வெளியே அனுப்புவார்கள் என்று சொல்லிவிட்டு, சாப்பிட வேண்டுமானால் நன்றாகச் சமைத்து வாடையைப் போக்கிவிட்டுச் சாப்பிடுங்கள் என்றார்கள்.

ஹலாலான பொருளுக்கே இந்த நிபந்தனை என்றால், நிகோடினை ஊதும் கருவிக்கு என்ன நிபந்தனை?

வெளியே போக முடியாதவர்கள்

பூண்டுச் சட்டத்தை உலமாக்கள் பள்ளியோடு நிறுத்தவில்லை. பெருநாள் தொழுகைத் திடல், ஜனாஸா தொழுகை, கல்விச் சபை, வலீமா விருந்து ஆகியவற்றையும் அதோடு சேர்த்தார்கள். ஆனால் கடைவீதியை அதில் சேர்க்கவில்லை என்று இமாம் நவவி (ரஹ்) முஸ்லிம் விளக்கவுரையில் எடுத்தெழுதுகிறார்கள். கடைவீதி விரிந்த இடம், வாடை பிடிக்காதவர் இரண்டடி தள்ளிப் போய்விடலாம் என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம். நம் நாட்டின் 2003 சட்டமும் திறந்த வெளியைப் பொது இடம் என்ற விளக்கத்திலிருந்து தள்ளியே வைத்தது. நூற்றாண்டுகள் இடைவெளியில் இரண்டு சட்ட மரபுகளும் ஒரே இடத்தைத் தொடுகின்றன: காற்றைப் பங்கு போட்டுக்கொண்டவரால் எழுந்து போக முடியுமா, முடியாதா?

இந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள்.

ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் வழியாக விருத்தாசலம் போகும் பஸ். மழை பெய்கிறது, ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். கடைசி சீட்டில் ஒருவர் சட்டைக் கைக்குள் மறைத்து ஒரு இழுப்பு இழுக்கிறார். மாம்பழ வாசனை வருகிறது. இரண்டு சீட்டுக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார். அவர் எங்கே போவார்?

ஒரு ஜவுளிக் கடை. ஏ.சி. போட்டிருப்பதால் கதவு சாத்தியிருக்கிறது. முதலாளியின் மகன் கல்லாவில் உட்கார்ந்து இழுக்கிறார். துணி எடுத்துப் போடும் பெண் காலையிலிருந்து இரவு வரை அங்கேதான் நிற்கிறார். அந்தப் பெண், "தம்பி, வெளியே போய் இழுங்க" என்று சொல்வாரா? கடையில் வேலை செய்பவர்கள் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. உட்காரவே வாய் திறந்து கேட்க முடியாதவர், காற்றைக் கேட்பாரா?

லாரியில் டிரைவர் இழுக்கிறார், பக்கத்தில் கிளீனர் பையன். கம்ப்யூட்டர் சென்டரில் பெரியவர் இழுக்கிறார், எதிரே படிக்க வந்த பிள்ளை. 2016-17-இல் நடந்த உலகளாவிய புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் 30.2 சதவீதம் பேர், அதாவது பத்தில் மூன்று பேர், வேலை இடத்திலேயே அடுத்தவர் புகையைச் சுவாசித்தார்கள். அந்த நேரத்தில் 2008 விதிகள் வந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் இருந்தது, பலகை இருந்தது, கேட்கும் துணிவு மட்டும் இல்லை.

பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலாளியின் முன்னால், மேலாளரின் முன்னால், வயதில் பெரியவரின் முன்னால் மௌனம் பெரும்பாலும் பயம்தான். அந்தப் பயத்தைப் பயன்படுத்தி எடுத்துக்கொள்ளும் எதுவும் அநீதம்தான், அது சம்பளமாக இருந்தாலும் சரி, மூச்சுக்காற்றாக இருந்தாலும் சரி.

அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

காற்று எல்லோருக்கும் பொது என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் நம் மாவட்டத்தின் அடையாளம். கல் ஏற்றிய லாரி ஊருக்குள் போனால் வீட்டுத் திண்ணை வெளுத்துவிடும், துவைத்துக் காயப்போட்ட துணியில் தூசி ஏறிவிடும். முந்திரிக் கொட்டையைச் சுடும் இடத்தின் பக்கம் நடந்தவருக்கு அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எப்படிக் காட்டும் என்று தெரியும். "தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போங்கள், எங்கள் பிள்ளைகள் மூச்சு விட வேண்டாமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

அந்தக் கேள்வியின் நியாயம் எதில் இருக்கிறது? உன் தொழில் உன் உரிமை, ஆனால் நான் சுவாசிக்கும் காற்று உன் தொழிலின் குப்பைத்தொட்டி இல்லை என்பதில் இருக்கிறது. பெரிய லாரியிடம் நாம் கேட்கும் அதே நியாயத்தைப் பத்துக்குப் பத்து அறையில் கையிலிருக்கும் சிறிய கருவியிடமும் கேட்க வேண்டும். நமக்கு ஒரு தராசு, அடுத்தவருக்கு ஒரு தராசு என்பவர்களுக்குக் கேடுதான் என்று அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது.

என் பங்கில்தானே துளையிடுகிறேன்!

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் ஓர் உவமை புகாரியில் இருக்கிறது. மக்கள் சீட்டுக் குலுக்கி ஒரு கப்பலில் இடம் பிடித்தார்கள். சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்த்தளம். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போய் வந்தார்கள். மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம் பங்கில் ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று நினைத்தார்கள். மேலே இருப்பவர்கள் அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள்.

அந்தக் கீழ்த்தளத்துக்காரர்கள் கெட்டவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. அவர்களின் எண்ணம்கூட நல்லதுதான், மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றே நினைத்தார்கள். அவர்களின் தவறு ஒன்றே ஒன்றுதான். தங்கள் பங்கு என்று நினைத்த இடத்துக்குக் கீழே ஓடுவது எல்லோருக்கும் பொதுவான கடல் என்பதை மறந்துவிட்டார்கள். "என் வாய், என் காசு, என் நுரையீரல்" என்று சொல்பவரும் இதையே மறக்கிறார். உள்ளே இழுப்பது அவர் நுரையீரலில் முடிகிறது, வெளியே விடுவது எல்லோருடைய அறையிலும் பரவுகிறது.

யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பீர்கள்?

இன்றைய உரையில் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. பாவங்கள் இரண்டு வகை. நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது ஒன்று. அதில் மனம் வருந்தி தவ்பா செய்தால் அவன் மன்னிப்பவன். மற்றொன்று அடியார்களின் உரிமை, ஹக்குல் இபாத். அதில் உரிமைக்காரர் மன்னிக்க வேண்டும்.

கியாமத் நாளில் தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் ஒருவர் வருவார். ஆனால் அவர் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவரின் பொருளைத் தின்றிருப்பார், ஒருவரை அடித்திருப்பார். அவருடைய நன்மைகள் ஒவ்வொருவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்தால் அவர்களின் பாவம் இவர் தலையில் ஏற்றப்படும். இவரைத்தான் உண்மையான திவாலானவர் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டியிருந்தால் நாளை கதவைத் தட்டி, "பாய், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிடலாம். வாங்கிய கடனை நினைவு வைத்துத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் பஸ்ஸில் இருந்த அந்தத் தாயின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே இளைப்பு இருந்ததா என்று தெரியுமா? அவர் எந்த ஊரில் இறங்கினார்? பெயர் தெரியாத நூறு பேரின் உரிமையை வைத்துக்கொண்டு மஹ்ஷரில் நிற்பதுதான் பொது இடத்துப் பாவத்தின் பயங்கரம். மக்கள் நடக்கும் பாதை, ஒதுங்கும் நிழல், தண்ணீர் எடுக்கும் துறை ஆகிய இடங்களை அசுத்தப்படுத்துவதைச் சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததன் ஆழம் இங்கே புரிகிறது. 200 ரூபாய் அபராதத்தோடு அங்கே கணக்கு முடியாது.

சில நியாயமான கேள்விகள்

"சிகரெட்டை விடுவதற்காகத்தான் நான் வேப்புக்கு மாறினேன்" என்று சிலர் சொல்கிறார்கள். சிகரெட்டை விட வேண்டும் என்ற எண்ணமே பாராட்டுக்குரியது, அல்லாஹ் அதை எளிதாக்குவானாக. ஆனால் உங்கள் நுரையீரலுக்குக் கேடு குறைந்தது என்பதால் என் நுரையீரலில் உங்களுக்குப் பங்கு வந்துவிடாது. விடுவதற்கு நாட்டில் சட்டப்படியான வழிகள் இருக்கின்றன. நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். மருத்துவரின் ஆலோசனை இருக்கிறது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தேசிய புகையிலை நிறுத்த உதவி மையம் இருக்கிறது. கேட்பதில் வெட்கமே இல்லை.

"என் வீட்டில், என் அறையில், யாரும் இல்லாதபோது?" அப்போது அடுத்தவரின் மூச்சு அங்கே இல்லை. அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு. உங்கள் கைகளாலேயே அழிவைத் தேடிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்திலான 2:195 வசனம் உங்களோடு அந்த அறைக்குள்ளும் வரும். ஆனால் ஜமாஅத்தார் யாரும் உங்கள் ஜன்னலை எட்டிப் பார்க்க வர மாட்டார்கள். துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் 49:12-இல் தடுக்கிறது. மறைவில் நடப்பதைத் தேடிப் போவதும் பொது இடத்தில் நடப்பதைத் தடுப்பதும் வேறு வேறு. முன்னதற்கு நமக்கு அனுமதி இல்லை. பின்னதைச் செய்வது நம் கடமை.

"அப்படியானால் பார்த்தவுடன் சட்டையைப் பிடித்து இழுக்கலாமா?" கூடாது. ஒரு கிராமத்து அரபி மஸ்ஜிதுந் நபவிக்குள்ளேயே சிறுநீர் கழித்தார். ஸஹாபாக்கள் பாய்ந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை விடச் சொன்னார்கள், முடித்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள், பிறகு அவரிடம் மென்மையாக எடுத்துச் சொன்னார்கள். இடமும் சுத்தமானது, மனிதரும் அவமானப்படவில்லை. பிள்ளைகளைப் பலர் முன்னால் அவமானப்படுத்தினால் அவர்கள் வேப்பை விட மாட்டார்கள், பள்ளிவாசலைத்தான் விடுவார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

கடையும் தொழிலும் நடத்தும் சகோதரர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளி, உங்கள் பொறுப்பில் இருப்பவர்கள் பற்றி விசாரிக்கப்படுவீர்கள். வாசலில் இருக்கும் 'புகைபிடிக்காதீர்' பலகையில் 'வேப் இழுக்காதீர்' என்ற வரியையும் சேருங்கள். சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் இடத்துக்கு நீங்களே விதி வைக்கலாம். அதைவிட முக்கியம், உங்களிடம் வேலை செய்பவர் துணிந்து சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். "யார் இழுத்தாலும் என்கிட்ட சொல்லுங்க, என் மகனா இருந்தாலும்" என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே, ஒளூச் செய்யும் இடம், கழிவறை, மத்ரஸா, நிக்காஹ் நடக்கும் மண்டபம் ஆகியவற்றை நம் பொறுப்பு என்று எடுத்துக்கொள்வோம். கல்யாண வீட்டின் பின்னறையில் மாப்பிள்ளைத் தோழர்கள் கூடும்போது பெரியவர் ஒருவர் அன்பாக ஒரு வார்த்தை சொன்னாலே போதும்.

பெற்றோர்களே, பிள்ளையின் பையில் வித்தியாசமான ஒரு பேனாவோ பழ வாசனையோ கண்டால் முதலில் அடிக்காதீர்கள். கேளுங்கள். நிகோடினுக்கு அடிமையான பிள்ளை நோயாளியும்கூட.

வாலிபத் தம்பிகளே, கூட்டாளிகளுக்கு வாங்கிக் கொடுத்து நூறு இருநூறு லாபம் பார்ப்பது விளையாட்டு என்று நினைக்காதீர்கள். அது ஓராண்டு வரை சிறைக்குரிய வியாபாரம். அந்தக் காசில் பரக்கத்தும் இல்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு இதுதான் பதில். தம்பி, சட்டம் உங்களைத் தண்டிக்காமல் விட்டது உங்களுக்குக் கிடைத்த உரிமை அல்ல. சட்டம் எழுதியவர்கள் விட்ட இடைவெளி அது, நாளை ஒரு திருத்தத்தில் மூடிவிடலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவரின் மூச்சில் அவருக்குள்ள உரிமையை எந்தச் சட்டமும் எழுதித் தரவில்லை. அதை அல்லாஹ் கொடுத்தான். எந்த இடைவெளியும் அதை எடுத்துவிட முடியாது. யாருடைய நாவிலிருந்தும் கையிலிருந்தும் மக்கள் பாதுகாப்புப் பெறுகிறார்களோ அவரே முஸ்லிம் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு அடையாளம் சொன்னார்கள். இன்று நாம் வெளிவிடும் மூச்சிலிருந்தும் அவர்கள் பாதுகாப்பாக இருக்கட்டும்.

பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதே ஈமானின் ஒரு கிளை என்றால், அடுத்தவர் சுவாசிக்கும் காற்றில் நாம் ஒரு முள்ளைப் போடாமல் இருப்பதும் அதில் சேரும், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் நாவாலும் கையாலும் மூச்சாலும் யாருக்கும் துன்பம் தராதவர்களாக எங்களை ஆக்குவாயாக. இந்தப் பழக்கத்தில் சிக்கிய எங்கள் பிள்ளைகளுக்கு விடும் வலிமையைத் தருவாயாக. நாங்கள் அறியாமல் துன்புறுத்திய, எங்களுக்குப் பெயர் தெரியாத உன் அடியார்களுக்கு நலமளித்து, அவர்களின் உள்ளங்களில் எங்களை மன்னிக்கும் எண்ணத்தைப் போடுவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.